ஓட்டை அப்பமும் ஓஸ்தியும்

வாயில் வைத்ததும் மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு, உப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல், நனைந்த கடதாசியைப்போல மெல்ல மெல்லக் கரைகிற வெறும் கோதுமை மாவின் சுவை ஒன்று இருக்கிறது. என் சின்ன வயதை நினைக்கும்போதெல்லாம் முதலில் அதுதான் நாக்கில் வருகிறது. மட்டக்களப்பு நகரத்துக் கன்னியர் மடத்தில் பூசையில் கொடுக்கும் மெல்லிய அப்பமான ஓஸ்தியை இரும்பு அச்சில் தகடு தகடாகச் சுட்டு, அதிலிருந்து வட்டங்களை வெட்டி எடுத்த பிறகு, வட்ட வட்ட ஓட்டைகளோடு மிஞ்சுகிற தகடுகளை அவர்கள் எறிவதில்லை. பழைய பிஸ்கட் தகரம் ஒன்றில் அடுக்கி அப்பாவிடம் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் அதற்கு 'ஓட்டை அப்பம்' என்று பெயர். அப்பா தோணியால் இறங்கித் துறையில் கால் வைப்பதற்குள் எங்கள் வீட்டு வாசலில் ஊர்ப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். தின்னுவதற்கு முன்னால் ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணை வைத்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் தின்னுவோம்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். ஊரைச் சுற்றிப் பெரிய நெல் வட்டைகள், வட்டைகளின் விளிம்பில் பிள்ளையார் கோயில், அதற்கு அப்பால் அம்மன் கோயில். ஊர் முழுக்கச் சைவக்காரர். அதன் ஒரு மூலையில், கைவிரல் மடித்து எண்ணிவிடக்கூடிய கத்தோலிக்கக் குடும்பங்கள் நாங்கள். எங்களை 'வேதக்காரர்' என்பார்கள், எங்கள் ஆலயத்தை 'வேதக்கோயில்' என்பார்கள். அதில் பகை இருந்ததாக எனக்கு நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும், "என்னகா, உங்கட சாமிக்கு ஒரு சட்ட வாங்கிக் குடுக்க ஆள் இல்லயா?" என்று சிலுவையில் தொங்குகிறவரைப் பற்றிக் கேட்பார்கள். "உங்கட சாமிக்கு ஒரு கொம்ப உடைச்சது ஆரு?" என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். மணி அடித்ததும் எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் கோயிலில் சிலையாக நிற்கிற அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் எரியும் மெழுகுதிரிகளில் முக்கால்வாசி அவர்களுடையவைதான்.

குருவானவர், நாங்கள் சொல்லும் சுவாமி, மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் கோயில் மூப்பரான என் அப்பாதான் செபம் நடத்துவார். சுவாமி வந்து பூசை வைத்தபோது மிச்சமாகப் பீடத்துப் பேழைக்குள் பூட்டி வைத்துவிட்டுப்போன நற்கருணை ஓஸ்தியைச் சனங்களுக்குக் கொடுக்க ஆயரிடம் அனுமதி வாங்கியிருந்தார். பேழையின் சின்னப் பித்தளைத் திறப்பு அவருடைய இடுப்பு வாரில் எப்போதும் தொங்கும். வயலில் உழவு நடக்கும்போதும் அது அங்கேதான் இருக்கும். பேழைக்கு முன்னால் எரிகிற சிவப்பு விளக்கைக் காட்டி, "சத்தம் போடாதங்க, அவர் உள்ளுக்க இரிக்கார்" என்று அம்மா சொல்லும்போது, உண்மையாகவே யாரோ ஒருவர் உள்ளே ஒடுங்கி உட்கார்ந்திருப்பதாக நினைத்து நான் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன்.

சந்திரனைப் பற்றி எழுதத்தான் இவ்வளவையும் சொல்கிறேன்.

சந்திரன் எங்கள் பக்கத்து வளவுத் தங்கம் மாமியின் ஒரே மகன். என் அண்ணனும் அவனும் ஒரு வயதுக்காரர், ஒரு வகுப்புக்காரர். நான் அவர்களைவிட ஏழெட்டு வயது இளையவள் என்பதால் அவர்களுடைய விளையாட்டில் எனக்கு இடமில்லை. தூக்கி வைத்துக்கொண்டு போகவேண்டிய சுமையாக மட்டும் இருந்தேன், அதிலும் அண்ணன் தூக்கமாட்டான், சந்திரன்தான் தூக்குவான். தங்கம் மாமியின் புருஷன் நான் பிறப்பதற்கு முன்னமே காய்ச்சலில் போய்விட்டார். அதனால் அந்தப் பிள்ளையை அவர் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். முருகனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை, காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் வேலிப் படலையைத் தாண்ட விடமாட்டார். ஆனால் சந்திரனுக்கோ பாட்டுப் பைத்தியம். எங்கள் கோயிலில் ஒரு பழைய ஆர்மோனியம் இருந்தது, எங்கள் கோயிலில் ஞாயிறு தவறாமல் பாட்டும் இருந்தது. முதலில் ஓட்டை அப்பத்துக்காக வந்தவன், பிறகு பாட்டுக்காக வந்தான். பத்து வயதில் எங்கள் செபம் முழுவதும் அவனுக்குப் பாடம். அண்ணன் இடையில் தடுமாறினால் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கிறவன் அவன்தான்.

தங்கம் மாமி வேலிக்கு அந்தப்புறம் நின்று அப்பாவோடு மல்லுக்கு நிற்பார். "மூப்பர், அப்பத்தக் காட்டி என்ட பொடியன வேதத்துக்கு எடுத்துப் போடாதங்க. மறுகா எனக்குக் கொள்ளி வைக்க ஆரு இரிக்கா?"

"உன்ட பொடியன நான் எடுக்கமாட்டன், தங்கம். அவன்ட குரல மட்டும் ஞாயிற்றுக்கிழமையில கடனாத் தா."

"கடன் வாங்கினவன் திருப்பித் தந்ததாச் சரித்திரம் இரிக்கா?" என்று மாமி சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

விளையாட்டாகப் பேசினாலும் அப்பாவுக்கு அதில் உண்மையான பயம் இருந்தது என்பதைப் பிற்காலத்தில்தான் விளங்கிக்கொண்டேன். ஊரில் நாலு வீடாக இருக்கிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறவர்களின் பிள்ளையைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள் என்ற ஒரு சொல் எழும்பினால் போதும், தலைமுறை தலைமுறையாக ஒரே கிணற்றில் குடித்த தண்ணீர் கசந்துவிடும். அதனால் மற்றவர்களுடைய பிள்ளைகள் கோயிலுக்கு வரலாம், பாடலாம், மணி அடிக்கலாம், பாயில் எங்களோடு முன்னுக்கு இருக்கலாம். நற்கருணை கொடுக்கும் நேரம் வந்ததும் எழும்பி, வலப்பக்கம் அந்தோனியார் சுருவத்தடிக்கு விலகிக் கைகட்டி நிற்கவேண்டும். அது எங்கள் கோயிலின் ஒழுங்கு. யாரும் சொல்லாமலே அது நடக்கும்.

சந்திரன் ஒரேயொரு முறை அதைத் தவறவிட்டானாம். அண்ணன் முதன்முதலாக நற்கருணை, எங்கள் பேச்சில் 'நன்மை', எடுத்த கொஞ்ச நாளில், அண்ணனுக்குப் பின்னால் வரிசையில் போய் அவனும் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அப்பா குனிந்து அவன் காதில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டார். செபம் முடிந்ததும் அவனை மடியில் இருத்தி, தகரத்திலிருந்து பெரிய துண்டு ஓட்டை அப்பம் எடுத்துக் கையில் கொடுத்தார்.

"மூப்பர் மாமா, இதுவும் அதுவும் ஒரே மாவுதானே?" என்று கேட்டானாம்.

"மாவு ஒண்டுதான், மனே. ஆனா சுவாமி பூசையில கையில எடுத்துச் செபிச்சாப் பிறகு அது மாவு இல்ல. அது ஆண்டவர். ஞானஸ்நானம் எடுத்து, படிச்சு, ஆயத்தப்பட்ட ஆள்தான் அத எடுக்கலாம். மற்ற ஆள் எடுத்தா அவருக்கும் மரியாத இல்ல, எடுக்கிற ஆளுக்கும் நல்லதில்ல. கோவத்தில சொல்லல்ல, விளங்குதா?"

"விளங்குது. நான் எடுக்கமாட்டன், மாமா. இதுல இன்னொரு துண்டு தாங்க."

இந்தக் கதையை அப்பா எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறார். வேதக்காரப் பிள்ளைகள் பூசை நேரத்தில் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டு இருக்கும்போது, "சந்திரனப் பாருங்க, அவனுக்கு இரிக்கிற பயபக்தி உங்களுக்கு இல்ல" என்று எங்களை ஏசுவதற்கும் அதே கதைதான்.

பிரச்சினை கூடிய அந்த வருஷத்தில், வேளாண்மை வெட்டி முடிந்து வட்டைகள் வெறுமையாகக் கிடந்த நாட்களில், எங்கள் ஊர் முழுவதும் வேதக்கோயிலுக்குள் வந்து இருந்தது. கோயிலுக்குள் இருந்தால் ஆமிக்காரர் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று வாவியின் இரு கரையிலும் ஒரு பேச்சு இருந்தது. அது எங்கிருந்து வந்தது, யார் கொடுத்த வாக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. பிள்ளையார் கோயில் ஐயரின் குடும்பம்கூட எங்கள் திருவுடை அறைக்குள் பாய் விரித்திருந்தது. உட்காரும் மர வாங்குகளை ஓரமாக அடுக்கிவிட்டு, முன்னுக்குப் பிள்ளைகள், நடுவில் பெண்கள், வாசல் பக்கம் ஆண்கள் என்று அப்பா வழக்கமான ஒழுங்கிலேயே எல்லாரையும் இருத்தினார். பூவரசு மரத்தடியில் பெரிய கிடாரத்தில் கஞ்சி கொதித்தது. பிள்ளைகளான எங்களுக்கு அது திருநாள் மாதிரி இருந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடம் இல்லை, எல்லாரும் ஒரே வீட்டில், சந்திரனும் அண்ணனும் நாள் முழுக்க ஆர்மோனியத்தோடு.

அவர்களுடைய வயதில் எஞ்சியிருந்த பொடியன்மார் அவர்கள் இருவர்தான். மற்றவர்கள் இயக்கத்தோடு காட்டுக்கோ கொழும்புக்கோ கடல் கடந்தோ போய்விட்டார்கள். பதினாறு வயதுப் பொடியனை வீட்டில் வைத்திருக்கிற தாய்க்கு அந்த நாட்களில் சோறு இறங்காது. அம்மாவும் தங்கம் மாமியும் சுளகை நடுவில் வைத்து அரிசி கொழித்தபடி பேசுவதெல்லாம் அந்த ஒன்றைப் பற்றியே இருக்கும்.

ஒரு ஞாயிறு காலை, செபம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், துறைப் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார்களாம், வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு கோயிலை நோக்கி வருகிறார்களாம். அப்பா திருவுடை அறைக்குப் போய், பூசைக்கு உதவி செய்கிற பிள்ளைகள் போடும் வெள்ளை அங்கிகள் இரண்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றை அண்ணனுக்கு மாட்டினார். மற்றதைச் சந்திரனிடம் நீட்டினார்.

தங்கம் மாமி எழும்பி வந்தார். மகனின் நெற்றியைப் பார்த்தார். சேலைத் தலைப்பின் நுனியை வாயில் வைத்து நனைத்து, காலையில் தானே பூசிவிட்ட திருநீற்றைத் தானே துடைத்தார். துடைத்த பிறகும் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிகிறதோ என்று பெருவிரலால் மறுபடியும் தேய்த்தார். "மூப்பர் சொல்றபடி செய், மனே" என்றார்.

நான் முன்பாயில், பீடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் இருந்தேன். அதன் பிறகு நடந்தது முழுவதையும் நான் கண்டேன்.

துவக்குகளோடு சீருடையில் வந்தவர்கள் வாசலை மறித்து நின்றார்கள். அவர்களுக்குப் பெரியவராக இருந்தவர் மட்டும் உள்ளே வந்தார். வாசலில் இருந்த கல்தொட்டித் தீர்த்தத்தில் விரலைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுவழியால் நடந்து வந்து, பேழையைப் பார்த்து ஒரு முழந்தாளை நிலத்தில் ஊன்றி எழும்பினார். எனக்குப் பின்னால் அம்மா விட்ட மூச்சு என் கழுத்தில் பட்டது. "வேதக்காரன்தான்" என்று யாரிடமோ மெல்லச் சொன்னார். கோயில் முழுக்க அந்த மூச்சு பரவியதை உணர முடிந்தது. நாட்டின் மேற்குக் கடற்கரையில், எங்களைப் போலவே கோயிலே கதியாக வாழ்கிற, சிங்களம் பேசுகிற வேதக்காரர் இருக்கிறார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். இந்த நாட்டில் அவர்களும் கொஞ்சப் பேர், நாங்களும் கொஞ்சப் பேர். ஒரே செபம், ஒரே சுருவம். அவருக்குத் தமிழும் தெரிந்திருந்தது.

"பயப்பட வேண்டாம். நானும் கோயில்க்காரன்தான்" என்றார். பிறகு அங்கி போட்ட இருவரையும் பார்த்து, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

"பூசைக்கு உதவி செய்யிற பிள்ளைகள்" என்றார் அப்பா.

"ரெண்டு பேரும் வேதமா?"

அப்பாவுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாழ்நாளில் அந்த விளக்குக்கு முன்னால் அவர் பொய் சொன்னதில்லை. "ஓம்" என்றார்.

விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் சொன்னார் வந்தவர். அண்ணன் தொடங்கி, பயத்தில் பாதியில் நின்றுவிட்டான். உடனே சந்திரன் அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொடுத்து, கடைசிவரை ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லி முடித்தான். வந்தவருடைய முகம் இளகியது. "நல்ல பிள்ளை. மற்றவனுக்கும் படிச்சுக் குடு" என்றார். வாசலில் நின்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். போகப்போகிறார் என்றே நினைத்தோம். போயிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது.

அவர் போகவில்லை. கொஞ்ச நேரம் பேழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, குரல் தாழ்ந்து, ஒரு சின்னப் பிள்ளை கேட்பதைப்போல, "நன்மை எடுத்துக் கனகாலம். உள்ளே இருக்கா?" என்று கேட்டார்.

அப்பா தலையாட்டினார்.

"அப்ப எனக்கும் தாங்க. இந்தப் பிள்ளைகளும் வரட்டும். சேர்ந்தே எடுப்போம்."

அது பொறி அல்ல. இவ்வளவு காலம் யோசித்துப் பார்த்தும் அது பொறி என்று என்னால் எண்ண முடியவில்லை. அந்த மனிதனுக்கு உண்மையாகவே பசித்தது. வாசலில் நின்றவர்களில் ஒருவனைக் கூப்பிட்டுத் துவக்கைக் கொடுத்துவிட்டு, பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியில் முழந்தாளிட்டார். அண்ணன் ஒருபக்கம் முழந்தாளிட்டான். சந்திரன் அண்ணனுக்கு அடுத்ததாக.

அப்பா இடுப்பிலிருந்த திறப்பால் பேழையைத் திறந்தார். அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவர் முடிவெடுத்துவிட்டார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. முதலில் வந்தவருக்குக் கொடுத்தார். "கிறிஸ்துவின் திருவுடல்." "ஆமென்." அடுத்தது அண்ணனுக்கு. பிறகு சந்திரனுக்கு முன்னால் வந்து, ஓஸ்தியை அவன் உதட்டுக்கு நேராகப் பிடித்தார். "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். எடு, மனே, எடு என்று அப்பாவின் முழு உடம்பும் கெஞ்சியதை நான் கண்டேன்.

சந்திரன் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். நீங்கள் மறந்துபோனீர்களா, மாமா, என்று கேட்கிற மாதிரியான பார்வை. பிறகு எழும்பி, ஒவ்வொரு ஞாயிறும் செய்கிற மாதிரியே, வலப்பக்கம் அந்தோனியார் சுருவத்தடிக்கு விலகிப்போய்க் கைகட்டி நின்றான்.

அவனுடைய கால்கள் பழக்கத்தில் போய்விட்டன என்று அம்மா கடைசிவரை சொன்னார். அண்ணன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விலகினவன்" என்பான்.

கிராதியிலிருந்தவர் கண்ணைத் திறந்தார். அந்தோனியாரடியில் நின்ற சந்திரனைப் பார்த்தார். அப்பாவின் கையில் மிஞ்சியிருந்த ஓஸ்தியைப் பார்த்தார். வேறொரு மனிதனாக இருந்தால் அது விளங்கியிராது. வேதக்காரனுக்கு விளங்கியது.

"இந்த இடத்தில வச்சுப் பொய் சொன்னீங்களே, மூப்பர்" என்றார். அதில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் இருந்தது. "ஒண்ணும் செய்யாதவனுக்கு எதுக்கு இந்த உடுப்பு? ஏன் ஒளிக்கிறீங்க?"

"அவன் பள்ளிக்கூடம் போற பிள்ளை, ஐயா. ஒண்டும் அறியாதவன். தாய்க்கு ஒரே பொடியன்" என்று அப்பா சொன்னார். தங்கம் மாமி பின்னாலிருந்து ஓடி வந்து அந்த மனிதனின் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டார்.

"விசாரிச்சுட்டு அனுப்புறோம்" என்றார் அவர். சந்திரனைப் பார்த்து, "அதைக் கழட்டு. அது கோயில்ச் சாமான்" என்றார்.

சந்திரன் அங்கியைக் கழற்றினான். அவசரப்படவில்லை. கைகளை உள்ளுக்கு மடித்து, நாலாக்கி, எங்கள் அம்மா மடித்து வைக்கிற மாதிரியே மடித்து, முன்பாயில் இருந்த என் மடியில் வைத்தான். "அண்ணன்ட்டக் குடு" என்றான். நடுவழியால் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தாயைத் தாண்டும்போது, "வாறன், அம்மா" என்றான்.

அவன் வரவில்லை.

அம்மாவும் தங்கம் மாமியும் தோணியேறி நகரத்துக்குப் போய், முகாம் முகாமாக, படலை படலையாக நின்றார்கள். அம்மா தன் கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றி மாமியின் கழுத்தில் போட்டுவிட்டுத்தான் கூட்டிக்கொண்டு போவார், வேதக்காரி என்றால் உள்ளே விடுவார்களோ என்ற ஆசையில். சுவாமி எழுதிக் கொடுத்தார், ஆயரும் கேட்டுப் பார்த்தார். பிற்காலத்தில் காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்கிற ஆணைக்குழுக்கள் வந்தன. மாமி ஒவ்வொன்றுக்கும் அவனுடைய பள்ளிக்கூடப் படத்தோடு போனார். அப்படி ஓர் ஆளை நாங்கள் எடுக்கவில்லை என்ற ஒரே பதில்தான் எல்லா இடத்திலும்.

மாமி அப்பாவை ஏசவில்லை. ஏசியிருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். ஒருநாள் வேலியடியில் நின்று ஒரேயொரு கேள்வி மட்டும் கேட்டார். "அவனுக்கு அதச் சின்னதிலயே குடுத்துப் பழக்கியிருக்கலாம்தானே, மூப்பர். நான் விளையாட்டுக்குத்தானே வேணாமெண்ட."

அடுத்த முறை சுவாமி வந்தபோது அப்பா பேழைத் திறப்பை இடுப்பிலிருந்து கழற்றி அவர் கையில் வைத்துவிட்டார். மூப்பர் வேலையை விடவில்லை, செபம் நடத்தினார், மணி அடித்தார். ஆனால் நன்மை கொடுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அந்த நேரம் வந்ததும் தானும் வலப்பக்கம் விலகி, சந்திரன் நின்ற இடத்தில் போய்க் கைகட்டி நிற்பார். பாவசங்கீர்த்தனம் செய்தால் மன்னிப்பு உண்டு என்று சுவாமி எவ்வளவோ சொன்னார். "சுவாமி, நான் மீறினன். அவன் மீறல்ல. மன்னிப்பு எனக்குத் தந்து என்ன செய்யிற?" என்று அப்பா கேட்டதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நகரத்திலிருந்து ஓட்டை அப்பம் கொண்டுவருவதையும் அதோடு நிறுத்திவிட்டார்.

நவம்பர் மாதத்தில் ஆத்துமாக்கள் திருநாளன்று நாங்கள் சேமக்காலையில் கூடி, கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்தி, எங்கள் ஊரில் மரித்தவர்களுடைய பெயர்களை உரக்க வாசிப்போம். ஒவ்வொரு பெயருக்கும் நித்திய இளைப்பாற்றி கேட்போம். பெயரை வாசிக்கிறவர் அப்பா. அந்த வருஷம் தொடங்கி, தங்கம் மாமி ஒவ்வொரு ஆத்துமாக்கள் திருநாளிலும் வந்து சேமக்காலைப் படலைக்கு வெளியே நின்றார். எங்களோடு செபிக்க வரவில்லை, காவலுக்கு வந்தார். "என்ட பொடியன்ட பேரத் தவறியும் வாசிச்சிராதங்க, மூப்பர். அவன் இரிக்கான்" என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தார். கடைசிப் பெயர் வாசித்து முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அப்பா செத்து அப்பாவின் பெயரும் அந்தப் பெயர்களோடு சேர்ந்த பிறகும் மாமியின் காவல் நிற்கவில்லை.

அண்ணன் கடல் கடந்து போனவன் போனவன்தான். அங்கே அவன் கோயில் வாசலை மிதிப்பதில்லை. நான் கல்யாணம் கட்டி நகரத்தோடு ஒட்டிய நாவற்குடாவுக்கு வந்தேன். எனக்கு ஒரு மகன். நகரத்துக் கோயிலில் அவன் பீடப் பணியாளன். அந்த உயிர்த்த ஞாயிறு காலையில், நகரத்தில் வேறொரு சபையாருடைய ஆலயத்தில் குண்டு வெடித்து நடந்ததை நான் இங்கே எழுதத் தேவையில்லை; வாசிக்கிறவர்கள் அறிவார்கள். அந்தச் சத்தம் கேட்டபோது நான் எங்கள் கோயிலில் இருந்தேன், மகன் முன்னுக்குப் பிள்ளைகளோடு இருந்தான். நடுவழியால் ஓடிப்போய் அவனைத் தூக்கியது மட்டும் நினைவிருக்கிறது. அந்த வயதுப் பிள்ளையைத் தூக்குவதற்கு எங்கிருந்து பலம் வந்ததென்று தெரியாது. அன்றிலிருந்து நான் வாசலோடு உள்ள கடைசி வாங்கில்தான் இருக்கிறேன். உள்ளே வருகிறவர்களின் பைகளைப் பார்க்கிறேன், செபத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாசலைப் பார்க்கிறேன். கோயிலுக்குள் இருந்தால் ஒன்றும் நடக்காது என்று நம்பிய சனம் நாங்கள். இரண்டு தரம் அந்த நம்பிக்கை என் கண்முன்னால் போயிற்று. மகனுக்கு இந்த வருஷம் பதினாறு வயது. வெள்ளை அங்கி போட்டு அவன் பீடத்தில் நிற்கும்போது வாசலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அம்மா, எல்லாரும் என்னயப் பார்க்கிறத விட நீங்க பார்க்கிறதுதான் எனக்குப் பயமா இரிக்கு" என்று அவன் பகிடியாகச் சொல்கிறான்.

போன ஐப்பசியில் தங்கம் மாமி ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். இப்போது துறையும் இல்லை, தோணியும் இல்லை. பாலத்தால் பஸ்ஸில் போகலாம். மாமி தங்கைமகள் வீட்டு விறாந்தையில் பாயில் கிடந்தார். உடம்பு ஒரு பிடி. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு,

"புள்ள, இந்தமுற அவன்ட பேரயும் வாசிக்கச் சொல்லு" என்றார்.

"ஏன் மாமி இப்படிச் சொல்றீங்க?" என்றேன்.

"எங்கட ஆக்கள்ட திவசத்துக்குத் திதி வேணும். செத்த நாளுக்கு நான் எங்க போற? உங்கட ஆக்களுக்குப் பேர் மட்டும் காணும்தானே. நான் போனாப் பிறகு அவன நினைக்க ஒருத்தரும் இல்ல, மனே." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, முகட்டைப் பார்த்தபடி, "ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளைக்கும் வாசிப்பாங்களா?" என்று கேட்டார்.

நான் எந்தச் சுவாமியையும் கேட்கவில்லை. கேட்க எனக்கு மனம் வரவில்லை. "ஓம் மாமி, வாசிப்பம்" என்றேன்.

எங்கள் ஊரில் இப்போது வேதக்காரக் குடும்பம் இரண்டோ மூன்றோதான். மூப்பர் இல்லை. சுவாமிக்கு வேறு ஊர்களும் இருந்ததால், செபத்தை முடித்துவிட்டு, பெயர்களை நீங்களே வாசியுங்கள் என்று அவர் புறப்பட்டார். வாசிக்க யாரும் முன்வரவில்லை. மகன் வாசித்தான். மாமியை ஆட்டோவில் கொண்டுவந்து, இந்தமுறை படலைக்கு உள்ளே, எங்கள் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருத்தியிருந்தோம். காற்றில் மெழுகுதிரிகள் அணைய அணையப் பிள்ளைகள் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். மகன் ஒவ்வொரு பெயராக வாசித்து, கடைசியில், தந்தை பெயரோடு சேர்த்து, சந்திரன் என்று வாசித்தான். நாங்கள் மறுமொழி சொல்வதற்கு முன்னால் மாமி, "ஓம்" என்றார். அவ்வளவுதான். அழவில்லை.

மாமி இன்னமும் இருக்கிறார். மாதத்தில் ஒருநாள் போய்ப் பார்க்கிறேன். கோயில் பூட்டிக் கிடக்கிறது. பேழை திறந்தபடி வெறுமையாக இருப்பது சன்னலால் தெரிகிறது. இவ்வளவு காலமும் நான் எப்போது போனாலும், படலையில் கால் வைக்கும்போதே, இருக்கச் சொல்வதற்கும் முன்னால், "எங்கட பொடியன எங்கயும் கண்டயா?" என்று கேட்பார். என்னை மட்டுமல்ல, பஸ்ஸால் இறங்குகிற யாரையும், மீன் விற்க வருகிறவரையும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களையும் அதே கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் போகாமல் விட்ட நாட்களும் உண்டு. இப்போது அவர் அதைக் கேட்பதில்லை. "சாப்பிட்டயா, புள்ள?" என்று மட்டும் கேட்கிறார்.